நாமக்கல்லில் எந்த லாட்ஜுக்கு வாடிக்கையாவது?

பாடநூல் பதிப்பகம் ஒன்றின் மாதிரிப் புத்தகங்களோடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சென்னையிலிருந்து நாமக்கல் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போகிறேன். எழுபத்தெட்டில் தொடங்கிய அலைச்சல். அடிக்கடி பயணம் போகிறவர்கள் எந்த வண்டியை, எந்த விடுதியை விடாமல் பிடித்துக்கொள்வது லாபம் என்று சக ஊழியர்கள் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

விமானத்துக்கு இங்கே வழியில்லை. இரவு ரயிலில் ஏறினால் காலை ஐந்தேகாலுக்குச் சேலம் சந்திப்பு. டவுன் பஸ்ஸில் ஐந்து கிலோமீட்டர் போனால் பஸ் நிலையம். அங்கிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல் ஐம்பத்திரண்டு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், ஐந்து ரூபாய். ஒரே கம்பெனியின் ஆறேகால் பஸ்ஸில்தான் எப்போதும் போவேன். கண்டக்டர் ஜன்னலோரத்தில் துண்டு போட்டு வைத்திருப்பார். பஸ் வாடிக்கையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

லாட்ஜ் அப்படியல்ல. முதல் தடவை, தனியாக வந்த பெண் என்று இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது லாட்ஜின் பதிவேட்டில் ‘உடன் வருபவர்’ என்ற இடத்தில், ‘கணவர், பின்னால் வருகிறார்’ என்று எழுதினேன். எனக்குத் திருமணம் ஆகவில்லை. அறை கிடைத்தது. இருவர் அறை, நாள் வாடகை முப்பத்திரண்டு ரூபாய்.

அன்றிலிருந்து அங்கேதான் தங்கினேன். மேனேஜர் பெரியசாமி ஒவ்வொரு முறையும் வரவேற்பறை முழுக்கக் கேட்கும்படி, “ஏனுங்கம்மா, ஐயா இந்தத் தடவையாச்சும் வாராருங்களா?” என்பார். காய்ச்சல், லீவு இல்லை, அடுத்த பஸ் என்று ஏதாவது சொல்வேன்.

போன ஜூலையில் பஸ் நிலையத்துக்கு எதிரே புது லாட்ஜ் ஒன்றைப் பார்த்தேன். பத்து நாள் தங்கினால் ஒரு நாள் இலவசம் என்று பலகை. ஒருவர் அறை இருபது ரூபாய். உள்ளே போனேன்.

“கார்டு போட்டுத் தாரோமுங்க. கூட யாருங்க?” என்றார் கவுண்டரில் இருந்தவர்.

“யாருமில்லை.”

அவர் கார்டை மெதுவாக இழுப்பறைக்குள் வைத்தார். “கார்டு இருக்குதுங்க. ரூம்புதான் இல்லீங்க.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு முந்நூறு அடி நடந்து பழைய இடத்துக்கே போனேன். ஆனால் யாருமில்லை என்று வாயால் ஒருமுறை சொல்லியாகிவிட்டது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. பதிவேட்டைப் பெரியசாமி நீட்டியபோது, “கணவர் என்று ஒருவர் கிடையாது. நான் தனி ஆள்” என்றேன். அறை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

அவர் நிமிரவேயில்லை. “அது தெரியாதுங்களா? ஆறு வருசமா ஒரு மனுசன் பஸ்ஸுலயே உக்காந்திருந்தா, பஸ்ஸுக்காரனே எறக்கி உட்டிருப்பானுங்க.”

“பிறகு ஏன் ஒவ்வொரு தடவையும் கேட்டீர்கள்?”

“எனக்கா கேட்டனுங்க? பக்கத்துல நிக்கறவங்க காதுல உழோணுமில்லீங்க?” குரலைத் தாழ்த்தினார். “பழையபடியே எழுதிருங்கம்மா. தனின்னு எழுதுனா மொதலாளி என்னைய ஊட்டுக்கு அனுப்பிருவாருங்க.”

பேனாவை வைத்துவிட்டேன். எழுதவும் முடியவில்லை, அவர் வேலைக்கு உலை வைக்கவும் முடியவில்லை. பெரியசாமி பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி அவரே எழுதினார். கீழ்த்தளத்தில் ஒருவர் அறைச் சாவியைக் கொடுத்தார். பதினெட்டு ரூபாய். ‘உடன் வருபவர்’ என்ற இடத்தில் ‘வாடிக்கை’ என்று இருந்தது.

அதற்குப் பின் இரண்டு முறை போய்விட்டேன். முதலாளி கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. பெரியசாமி இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

இலவச நாளைப் பார்த்து லாட்ஜைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கவுண்டரில் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். தனியாகப் போகும் பெண்கள் முதல் நாளே உள்ளதைச் சொல்லிப் பார்க்கலாம். மறுத்தால் சேலத்துக்குத் திரும்ப வசதியாக மாலை ஆறுக்குள் கேட்டுவிடுங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. ஒரு வரி எழுதியதற்காக, இல்லாத ஒருவரின் உடம்பைப் பற்றி ஆறு வருடம் பதில் சொன்னேன். காய்ச்சல் என்று சொல்லிவிட்டு மாடியேறிய சில நாட்களில், அவருக்கு இப்போது எப்படி இருக்கிறதோ என்று எனக்கே கவலையாக இருந்திருக்கிறது.