முதலாளி என்ற பெயரில் வேறொருவர்

அலுவலகத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். வைத்தவர் மேலாளர். பாராட்டா திட்டா என்பது அன்றைக்கு அவர் இருக்கும் இருப்பைப் பொறுத்தது. கணக்கு சாஃப்ட்வேரை விற்று, அது மக்கர் செய்தால் சரிசெய்தும் கொடுக்கிற சின்ன நிறுவனம் அது. கடை கடையாக ஏறி இறங்குவது அவள் வேலை.

படிப்பு முடிந்ததும் ஓர் ஆடிட்டரிடம் சேர்ந்தவள், நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போகிறது என்று விட்டுவிட்டாள். அடுத்து ஒரு பள்ளிக்கூட அலுவலகம். அங்கேயும் தரிக்கவில்லை. இந்த வேலை கிடைத்த பிறகுதான் அவளுக்கு ராத்திரி படுத்தால் தூக்கம் வந்தது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற அவள் புருஷன் நேர் எதிர். இருந்த இடத்தில் இருந்தபடி நாளை ஓட்டிவிடுவான். "சாப்பிடும்போதாவது உட்காரேன், தட்டு ஓடியா போயிடும்?" என்பான். அவள் அடுப்படி மேடையில் சாய்ந்துகொண்டு நின்றபடியே சாப்பிட்டு முடித்திருப்பாள்.

அந்த வாரம் அலுவலகத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. அடுத்த மாதத்திலிருந்து யாரும் கடைக்குப் போக வேண்டாம், காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் இங்கிருந்தே பார்த்தால் போதும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். நாற்காலிகூட வந்து இறங்கிவிட்டது. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அவள் மேசைக்குப் பின்னால் கிடந்த அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு எழுந்து வெளியே போகத் தோன்றியது.

"கடைசியா ஒரு தடவை நேர்ல போயிட்டு வா" என்றார் மேலாளர். "அந்தக் குழாய்க் கடை. சாஃப்ட்வேருக்குள்ள போன கொஞ்ச நேரத்துல செஷன் போயிடுதாம், ஆளை வெளிய தள்ளிடுதாம். நம்ம பசங்க எல்லாரும் இங்கிருந்தே பார்த்தாச்சு, ஒண்ணும் பிடிபடல. நாளைக்கு வரிக்கணக்கு அனுப்பணும். இன்னைக்குச் சரியாகலன்னா வேற ஆளப் பார்த்துக்கறோம்னு சொல்லிட்டாங்க."

கடை இரண்டு மாடி. கீழே குழாய்கள், ஷவர்கள், வாஷ்பேசின்கள். மேலே தரையோடுகள். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து நடத்தும் கடை. அண்ணன் எந்நேரமும் கிடங்கில். தம்பி ஆர்டர் பிடிக்க ஊர் ஊராகச் சுற்றுபவன். கணக்கைப் பார்ப்பது அவர்கள் மனைவிமார். கீழே கண்ணாடித் தடுப்புக்குள் மூத்தவள் உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் மாமனாரின் படம்.

"இங்க பாரும்மா" என்றாள் மூத்தவள், வந்தவளை உட்காரக்கூடச் சொல்லாமல். "பாதி பில் போடுவேன், பட்டுனு வெளிய தள்ளிடும். போட்டதெல்லாம் போச்சு. மறுபடி உள்ள வா, மறுபடி போடு. எனக்குப் பைத்தியம்தான் பிடிக்கல."

"எத்தனை பேர் இதுல வேலை பார்க்கறீங்க, அக்கா?"

"நான்தான்."

சுருக்கமான பதில். பம்பரம் வழக்கமான வேலைகளை ஆரம்பித்தாள். பிரவுசரில் பழைய குப்பையைத் துடைத்தாள். கம்ப்யூட்டரின் கடிகாரம் சரியா என்று பார்த்தாள். அது பிசகியிருந்தால் சாஃப்ட்வேருக்கு நேரம் குழம்பி ஆளை வெளியே அனுப்பிவிடும். கடிகாரம் சரியாகத்தான் இருந்தது. வயரைப் பிடுங்கிச் சொருகினாள், ஏணி கேட்டு வாங்கி ஏறி இணையப் பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். இறங்கி வந்து சோதிக்கச் சொன்னாள். மூத்தவள் பில் போட்டாள். பில்லில் நாலு வரி ஏறியது. பட்டென்று திரை மாறி, பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு நின்றது.

"பாத்தியா?"

பம்பரத்துக்குக் கை துறுதுறுத்தது. மேலாளர் வேறு போனில் அழைத்துக்கொண்டே இருந்தார். அவள் எடுக்கவில்லை. இன்னொரு முறை போடச் சொல்லிவிட்டு இந்தத் தடவை திரையைப் பார்க்காமல் மூத்தவளின் கையைப் பார்த்தாள். ஏதோ ஒரு சின்னப் பெட்டி திரையில் எழும்புவதற்குள் அந்த விரல் என்டரைத் தட்டிவிட்டது. கொசுவை அடிக்கிற வேகம்.

"அக்கா, இன்னொரு வாட்டி. ஆனா கையை மடியில வெச்சுக்கோங்க."

"எதுக்கு?"

"சும்மாதான்."

மூத்தவள் முகம் சிறுத்தது. ஆனாலும் கையை எடுத்தாள். பெட்டி எழும்பி நின்றது. 'முதலாளி என்ற பெயரில் வேறொருவர் உள்ளே வந்துவிட்டார். நீங்கள் வெளியேற்றப்பட்டீர்கள்.'

இருவரும் அதைப் படித்தார்கள். வெளியே யாரோ ஒரு வாடிக்கையாளர் குழாயைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல யாரு இருக்காங்க, அக்கா?"

மூத்தவள் மாமனார் படத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். "இந்தப் பேரு அவர் வெச்சது. அவர் இருந்தவரைக்கும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே பேரு. பாஸ்வேர்டு வீட்டுல எல்லாருக்கும் தெரியும். அவர் போனதும் சின்னவ மாடிக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக்கிட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஒருநாள் இது வந்துச்சு. படிச்சேன். முதலாளின்னு அவ வந்துட்டாளாம், நான் வெளிய போகணுமாம். குடும்ப விஷயம் பாரு, வெளியாளுக்குத் தெரியணுமா? அதான் யார் வந்து பார்த்தாலும் சட்டுனு மூடிடுவேன்."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"நான் எதுக்குக் கேக்கணும்? பேச்சே நின்னுபோச்சு."

பம்பரம் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவினாள். மேலே சின்னவள், தரையோடு அடுக்குகளுக்கு நடுவில் பொடி படிந்த மேசையில் உட்கார்ந்திருந்தாள். இவள் யாரென்று சொல்லி முடிப்பதற்குள்ளேயே, "கீழ இருக்கறவங்க அனுப்பினாங்களா? என்னை வெளிய தள்ளுறது பத்தாதா?" என்று பிடித்துக்கொண்டாள். அவள் திரையிலும் அதே பெட்டி, அதே வாசகம். பம்பரத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அவங்க உங்களைத் தள்ளலைங்க. நீங்களும் அவங்களைத் தள்ளல. ஒரு பேருல ஒருத்தர்தான் உள்ள இருக்கலாம். நீங்க வந்தா அவங்க வெளிய, அவங்க வந்தா நீங்க வெளிய. தள்ளுறது இந்த சாஃப்ட்வேர்."

சின்னவள் நம்பாமல் பார்த்தாள். "நான் வந்தா அவங்க வெளிய போறது முதல்ல எனக்கும் தெரியாதுதான்" என்றாள். "அப்புறம் அக்கா பேசறதை நிறுத்திட்டாங்க. சரி, வேணும்னேதான் செய்யறாங்கன்னு நானும் வேணும்னே செஞ்சேன். அவங்க பில் போடற சத்தம் கேக்கும். அப்பப் பார்த்து உள்ள போவேன்." சொல்லிவிட்டுக் கன்னத்தில் ஒட்டியிருந்த பொடியைப் புறங்கையால் துடைத்தாள். பொடி இன்னும் பரவியது.

இருவரையும் ஒரே திரைக்கு முன்னால் கொண்டுவருவதற்குள் பம்பரத்துக்கு மூச்சு வாங்கிவிட்டது. மூத்தவள் மேலே ஏறமாட்டாள், சின்னவள் கீழே இறங்கமாட்டாள். கடைசியில் படிக்கட்டு நடுவில் தன் லேப்டாப்பை விரித்து வைத்து, "நாளைக்கு வரிக்கணக்கு. எனக்கு நேரமில்ல. ரெண்டு பேரும் இங்க வாங்க" என்று கத்தினாள். அதட்டலில் வந்துவிட்டார்கள். மூத்தவள் நாலு படி கீழே நின்றாள், சின்னவள் நாலு படி மேலே.

"ஆளுக்கொரு பேரு போடறேன். கீழ்த்தளம், மேல்தளம்."

"ஓஹோ, நான் கீழயா?" என்றாள் மூத்தவள்.

"சரி, ஒண்ணு, ரெண்டு."

"யாரு ரெண்டு?" என்றாள் சின்னவள்.

பம்பரம் தலையைச் சொறிந்துகொண்டு சுற்றும் பார்த்தாள். "குழாய், டைல்ஸ். ஆச்சா?"

இருவரும் தலையை மட்டும் ஆட்டினார்கள். அவள் வேகமாகத் தட்டி முடித்தாள். ஒன்று மிச்சமிருந்தது. 'முதலாளி' என்ற பெயருக்குத்தான் எல்லா அதிகாரமும். புதிய ஆளைச் சேர்க்க, நீக்க, பழைய கணக்கைத் திருத்த அதுதான் வேண்டும். அது யாரிடம் இருப்பது?

"உங்க வீட்டுக்காரங்க யார்கிட்டயாவது கொடுத்துடலாமா?"

"ஐயோ, வேண்டாம்!" என்றார்கள் இருவரும் ஒரே மூச்சில்.

"எங்க வீட்டுக்காரர் எந்த பட்டனை வேணா அமுக்கிடுவார்" என்றாள் மூத்தவள்.

"எங்கவர் பாஸ்வேர்டை பெட்ரோல் பங்க்லகூடச் சொல்லிட்டு வருவார்" என்றாள் சின்னவள்.

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். தோள் மட்டும் குலுங்கியது. சின்னவள் இரண்டு படி இறங்கி வந்து, "அக்கா" என்றாள். மூத்தவள் திரும்பாமலே, "மூஞ்சியில பொடி" என்றாள்.

முதலாளிக்குப் புது பாஸ்வேர்டு ஒன்றை ஆளுக்குப் பாதியாகப் பம்பரமே பிரித்தாள். முன்பாதியை மூத்தவள் தட்டினாள், சின்னவள் வேறு பக்கம் பார்த்தாள். பின்பாதியைச் சின்னவள் தட்டினாள், மூத்தவள் வேறு பக்கம் பார்ப்பதுபோல் பார்த்தாள். அன்று மாலைவரை கீழேயும் மேலேயும் பில் ஓடியது. யாரும் வெளியேறவில்லை. மறுநாள் வரிக்கணக்கும் போய்ச் சேர்ந்தது. இருவரும் அன்றே கட்டிக்கொண்டு அழுதார்கள் என்றெல்லாம் இல்லை. மூத்தவள் கொஞ்ச நாள் கடுகடுவென்றுதான் இருந்தாளாம். ஆனால் முதலாளியைத் திறக்க வேண்டிய நாட்களில் ஒருத்தி மாடியேற வேண்டியிருந்தது, அல்லது ஒருத்தி இறங்க வேண்டியிருந்தது.

மேலாளர் மனம் மாறவில்லை. "நல்லது, முடிச்சிட்டியா?" என்றார், அவ்வளவுதான். அடுத்த மாதம் நாற்காலியின் உறை பிரிக்கப்பட்டது. பம்பரம் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். காதுக்குள் யார் யாரோ செஷன் போய்விட்டது என்றார்கள். அவர்கள் கையையும் முகத்தையும் பார்க்க முடியவில்லை. மேசைக்கு அடியில் அவள் கால் ஓயாமல் ஆடி, பக்கத்து மேசைக்காரர் தேநீர் தளும்புகிறது என்று புகார் செய்தார். வீட்டில் எரிந்து விழுந்தாள். ஒருநாள் புருஷன், கையில் இருந்த லென்ஸ் துணியை மடித்து வைத்துவிட்டு, "வேலையை விட்டுடு. தனியா போய்ப் பாரு. கொஞ்ச நாள் இழுத்துப் பிடிப்போம்" என்றான். அவன் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

விட்டுவிட்டாள். முதல் சில வாரம் போன் மணி அடிக்கவில்லை. வீட்டுக்கும் தெருமுனைக்கும் நடந்து நடந்து செருப்பு தேய்ந்தது. செய்தது தப்போ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பிறகு சின்னவள் யாரிடமோ சொல்லி, ஒரு மருந்துக் கடையிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கேயும் உள்ளே போனதும் வெளியே தள்ளுகிறதாம். பம்பரம் போய்ப் பார்த்தாள். கம்ப்யூட்டரின் கடிகாரம் பழைய வருஷம் ஒன்றில் நின்றுகொண்டிருந்தது. அதை ஓட்டுகிற, கைக்கடிகாரத்தில் போடுவதுபோன்ற காசளவு பேட்டரி உள்ளே செத்துப்போயிருந்தது.

"ஆள் அனுப்பி வாங்கிட்டு வரச் சொல்லவா?" என்றார் மருந்துக்கடைக்காரர். "நீங்க உட்காருங்க."

"வேணாம் சார், கைக்கடிகாரக் கடை எந்தப் பக்கம்?" என்று கேட்ட பம்பரம், அவர் கையை நீட்டிக் காட்டி முடிப்பதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள்.