கேட்காமல் போட்ட கோடு

வெர்லீன் டிப்ஸ் வாயைத் திறந்து பேசத் தயங்கினாள் என்று டெட்ராய்ட்டின் கிழக்குப் பக்கத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். பகலில் நகரப் பேருந்து ஓட்டுவாள். திங்கட்கிழமை சாயங்காலம் ஊதா நிறச் சைக்கிளில் ஏறி, பின்னால் பாட்டுப் பெட்டி அலற, தன் கறுப்பினக் கூட்டாளிகள் முப்பது நாற்பது பேரோடு ஊரைச் சுற்றுவாள். கார்வெல் தெருவில் மட்டும் பாட்டை நிறுத்திவிடுவாள். அங்கே கார்கள் வரும் வேகத்துக்குக் காது திறந்திருக்க வேண்டும். போன வருஷம் அங்கேதான் கார்க்காரன் ஒருவன் அவளைத் தட்டிவிட்டு நிற்காமல் போனான். தோள் எலும்பு முறிந்தது. நடைபாதையில் ஏறினாலோ போலீஸ் அபராதம் எழுதும். பக்கத்து வெள்ளைக்காரப் பகுதியில் அதேபோல நடைபாதையில் ஓட்டுகிறவர்களை ஒருத்தரும் நிறுத்துவதில்லை.

அதனால் கார்வெல் தெருவில் சைக்கிளுக்குத் தனிப் பாதை போட நகராட்சி கருத்துக் கேட்கிறது என்றதும் துள்ளினாள். கூட்டத்தை வைத்தார்கள் பாருங்கள், புதன்கிழமை சாயங்காலத்தில்! சனமெல்லாம் சர்ச்சில் வேத பாடத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம். காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு அதிகாரிகள், இங்கே யாருக்கும் அக்கறையில்லை என்று முடிவு கட்டினார்கள். வெர்லீன் நேரே போய்த் திட்ட அதிகாரி ஃபிரடெரிக்கைப் பிடித்தாள்.

"புதன்கிழமை வெச்சா யாரு வருவா? எங்க சனங்க சார்புல நான் சொல்றேன், பாதை வேணும். போய்க் கோட்டைப் போடுங்க."

அவனுக்கும் வேலை சுலபமாயிற்று. அடுத்த வாரமே தெருவில் சுண்ணாம்புக் கோடு விழுந்தது.

ஞாயிறு காலை சர்ச் வாசலில் லூசிந்தா பேட்டில் நின்றிருந்தாள். வெள்ளைக் கையுறை மாட்டி, யார் எங்கே உட்கார வேண்டும் என்று கையசைப்பிலேயே சபையை ஆள்கிறவள். வெர்லீனை உள்ளே விடாமல் தெரு ஓரத்துக்குக் கூட்டிப்போனாள். கோடு சர்ச் வாசலை ஒட்டியே ஓடியது.

"சவ வண்டி எங்கடி நிக்கும்? என் வீட்டுக்காரர் இந்த ஓரத்துல இருந்துதான் கடைசியாப் போனாரு."

"சிட்டிக்காரங்க போட்டது, சிஸ்டர்."

"போடச் சொன்னது நீயாமே. அவங்க புதன்கிழமையாவது கேட்டாங்க. நீ எந்தக் கிழமையும் கேக்கல."

வெர்லீனுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆராதனை முழுக்க வாய் பாடியது, மனசு பாடவில்லை. ஆனால் முடங்கிக் கிடப்பது அவள் சுபாவம் இல்லையே. கடைசிப் பாட்டுக்கு முன்னால் எழுந்து நின்று, செய்தது தப்பு என்று சபைக்கு நடுவிலேயே சொன்னாள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கீழே சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் பேசுவோம், அதிகாரியையும் வரவழைக்கிறேன் என்றாள்.

அந்த ஞாயிறு கூடத்தில் ஃபிரடெரிக் வரைபடத்தை விரித்ததும் லூசிந்தா அதன்மேல் பொரித்த கோழித் தட்டை வைத்தாள். முதலில் சாப்பாடு, பிறகு சண்டை. சைக்கிள் பாதை வந்தால் பின்னாலேயே வெள்ளைக்காரர்கள் வருவார்கள், வாடகை ஏறும், நாம் வெளியே போவோம் என்று சிலர் கொதித்தார்கள். வாடகையைத் தடுக்கத் தன்னால் முடியாது என்று ஃபிரடெரிக் ஒத்துக்கொண்டான். வெர்லீன் வாயை அடக்கிக்கொண்டு எல்லோர் பேச்சையும் கேட்டாள். அவளைப் பொறுத்தவரை அது தோள் எலும்பு முறிந்ததைவிடப் பெரிய வேதனை. இருட்டும்போது ஒரு முடிவு பிறந்தது: போக வர இரண்டு பாதையும் எதிர்ப் பக்கத்தில், சர்ச் ஓரம் சவ வண்டிக்கு.

பாதை திறந்த திங்கட்கிழமை லூசிந்தா கையுறையோடு நடுத்தெருவில் நின்றாள். ஜெப நேரத்தில் தாமதமாக வருகிறவர்களை நிறுத்துகிற அதே கையால் இரண்டு பக்கமும் கார்களை நிறுத்தி வைத்திருந்தாள். வெர்லீன் காலை ஊன்றி நின்றாள்.

"போகலாமா, சிஸ்டர்?"

"இப்பக் கேட்டே பாரு, அது போதும். போ."

வெர்லீன் பெடலை மிதித்தாள். கார்வெல் தெருவில் முதல் தடவையாகப் பாட்டுப் பெட்டி அலறியது.