என் சம்பந்தியின் விலா எலும்புகள்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது, இரண்டு என் அக்கா பெற்றுவிட்டுப் போனது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. அதனால் என் எழுத்து கோணல் மாணலாகத்தான் வரும். பிழையைப் பேரப்பிள்ளை திருத்தும். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பின்னேரம் வேண்டும். இருக்கட்டும். எனக்கு அவசரம் இல்லை.

என் கடைசி மகளின் மாமனார், அதாவது என் சம்பந்தி, வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் நான் அவருடைய விலா எலும்பை உடைத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். உடைத்தது உண்மைதான். இரண்டு எலும்பு. ஏன் உடைத்தேன் என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை. அதை அவர் தன் வாயால், நாலு பேர் முன்னால், ஒரு தடவை சொல்ல வேண்டும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை. அவர் சொல்கிறார் இல்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

அவரைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்தின் கீழே காணி எடுத்தவர். வயல் செய்கிற குடும்பம். நாங்கள் மலைநாட்டிலிருந்து கலவரத்தில் அடிபட்டு ஓடி வந்து, காடு வெட்டி, மற்றவர்களின் வயலில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விரும்பிவிட்டார்கள், கலியாணம் நடந்துவிட்டது. அவர் தடுக்கவில்லை. ஆனால் இத்தனை வருடமாக என்னைச் சம்பந்தி என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. "பிள்ளையின்ர தாய்" என்றுதான் சொல்லுவார், அதுவும் என்னைப் பார்த்து அல்ல, பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்து.

என் புருஷன் போனபிறகு நான் மகளோடு இருக்கிறேன். மகளின் வீட்டுக்கும் அவருடைய வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி. வேலியில் ஆள் போய்வர ஒரு பொட்டு விட்டிருக்கிறது. என் மகள் காலையும் பின்னேரமும் அந்தப் பொட்டு வழியாக அவருக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோவாள். அவர் கோப்பையைத் தொடமுன் கேட்பார்.

"ஆர் ஊத்தினது?"

"நான்தான் மாமா" என்று மகள் சொன்னால் குடிப்பார். "அம்மா ஊத்தினவா" என்றால், "இப்பதான் குடிச்சனான், வை பிள்ளை" என்பார். வைத்த கோப்பையில் எறும்பு மிதக்கும். என் மகள் அவருடைய வீட்டுப் பிள்ளையாகிவிட்டாளாம், அதனால் அவள் கை சரியாம். அந்தக் கையைப் பெற்றது யார் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

இனி நான் போன வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். பொதுநோக்கு மண்டபத்தில் முதலுதவி பழக்குகிறார்கள், வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும் என்று மாதர் சங்கத்தில் சொன்னார்கள். மகளுக்கு வயல் வேலை. நான் போனேன். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒரு பெடியன் மூன்று பொம்மைகளோடு வந்திருந்தான். பெரியவர் ஒன்று, பிள்ளை ஒன்று, கைக்குழந்தை ஒன்று. பெரிய பொம்மைக்குக் காலும் இல்லை, கையும் இல்லை.

"அம்மம்மா, நீங்க கதிரையில இருந்து பாருங்கோ. கீழ முழங்காலில நிக்க ஏலாது" என்றான்.

"முழங்கால் என்னோடதுதானே தம்பி. ஏலாட்டி நான் சொல்றேன்" என்றேன். கோபம் வந்தால் எனக்கு மலைநாட்டுப் பேச்சு தானாக வந்துவிடும்.

வகுப்புக்கு வந்திருந்த இளம் பெட்டைகள் சிரித்தார்கள். நான் இறங்கி முழங்காலில் நின்றேன். நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடியை வைத்து, மற்றக் கையை அதன்மேல் வைத்து, முழங்கை மடியாமல் உடம்பின் பாரத்தால் அமத்த வேண்டும். அமத்தின பிறகு நெஞ்சு முழுக்க மேலே வர விடவேண்டும். முப்பது தடவை அமத்தி, இரண்டு தடவை வாயில் மூச்சு ஊத வேண்டும். சரியான ஆழம் போனால் பொம்மை உள்ளே "டிக்" என்று சொல்லும். எனக்கு முதலில் ஆழம் வந்தது, வேகம் வரவில்லை.

"ஆறுதலாச் செய்யிறீங்கள் அம்மம்மா. இது காணாது."

யோசித்துப் பார்த்தேன். தனியே நின்று மா இடிக்கிற வேகத்தில் செய்துகொண்டிருந்தேன். ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாறி மாறி உலக்கை போடுவார்களே, அந்த வேகம் வேண்டும். அதைப் பிடித்தவுடன் பொம்மை விடாமல் டிக், டிக் என்றது. பெடியன் தன் மணிக்கூட்டைப் பார்த்துத் தலையாட்டினான்.

நடக்கிற வயதுப் பிள்ளைக்கு ஒரு கை போதும். கைக்குழந்தைக்கு இரண்டு விரல்தான். குழந்தையின் தலையை அதிகம் பின்னால் சாய்க்கக் கூடாது, வாயையும் மூக்கையும் சேர்த்து நம்முடைய வாயால் மூடி, கன்னத்தில் அடங்குகிற அளவு காற்றை மட்டும் விடவேண்டும். அந்தச் சின்னப் பொம்மையைக் கையில் எடுத்தபோது பெட்டைகள் யாரும் சிரிக்கவில்லை. மூச்சு நின்ற குழந்தைகளை இந்த மண்ணில் நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு விரல் போதும் என்று அப்போது ஒருவரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அதன் பிறகு அறுவடை வந்தது. நெல்லை எங்கே காயப் போடுவது? மல்லாவிக்குப் போகிற தார் வீதியில் ஒரு பக்கத்தில் பரவி விடுவோம். சம்பந்தியும் தன் நெல்லைப் பரவிவிட்டு, தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, காலால் கிளறி நடந்துகொண்டிருந்தார். நல்ல மத்தியான வெயில். நான் எங்கள் வாசல் படலையடியில் நின்றேன். கிளறிக்கொண்டு போனவர் அப்படியே முகம் குப்புற நெல்லின்மேல் விழுந்தார்.

நான் போய்ச் சேரமுன் சனம் கூடிவிட்டது. தூக்கி ஒரு கதிரையில் இருத்தியிருந்தார்கள். தலை ஒரு பக்கம் தொங்கியது. ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்றினார். வலிப்பு என்று நினைத்து இன்னொருவர் சைக்கிள் பூட்டுத் திறப்பைக் கைக்குள் வைத்துப் பொத்திப் பிடித்தார். அவருடைய மனுசி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதா. ஒரு கிழவர், "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு, குறட்டை கேக்குதெல்லே" என்றார்.

அது குறட்டை இல்லை. கரையில் போட்ட மீன் வாய் திறக்குமே, அப்படி இடைக்கிடை ஒரு இழுப்பு. அதை மூச்சு என்று நம்பி ஏமாறாதீர்கள் என்று பெடியன் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"கீழ கிடத்துங்க" என்றேன். ஒருவரும் கேட்கவில்லை. ஓட்டோ வருகிறதாம், கதிரையோடு ஏற்றப் போகிறார்களாம். நான் என் மருமகனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"தம்பி, உங்க அப்பாவுக்கு மூச்சு இல்ல. கீழ கிடத்துங்க. அம்புலன்ஸுக்குப் போன் அடிக்கச் சொல்லுங்க."

மருமகன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு தகப்பனைத் தூக்கிக் கிடத்தினான். கிடத்தியது நெல்லின்மேல். நெல் சறுக்கும், அமத்தினால் பாரம் நெல்லுக்குள் போய்விடும். காலால் நெல்லைத் தள்ளிவிட்டுத் தாரில் கிடத்தச் சொன்னேன். துவாயைக்கூட எடுத்துப் போடத் தோன்றவில்லை, அந்தச் சுடு தாரில் முழங்காலை வைத்தேன். அந்த அடையாளம் இன்றைக்கும் இரண்டு முழங்காலிலும் கறுப்பாக இருக்கிறது. அதை யாருக்கும் காட்டிக்கொண்டு நான் திரியவில்லை.

அமத்தத் தொடங்கினேன். கொஞ்சம் போனதும் கையின் கீழே காய்ந்த தடி முறிகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு இன்னொன்று.

"ஐயோ, என்ர மனுசன்ர நெஞ்சை உடைக்கிறா. பிடியுங்கோவன் அவவை" என்று அவருடைய மனுசி கத்தினா.

ஒருவர் என் தோளைப் பிடித்தார். மருமகன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். எலும்பு முறியலாம், முறிந்தால் நிறுத்தக் கூடாது என்று பெடியன் சொல்லியிருந்தான். நான் நிறுத்தவில்லை.

முப்பது முடிந்ததும் அவருடைய தாடையைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, அவருடைய வாயில் என் வாயை வைத்து ஊதினேன். நெஞ்சு எழும்பியது. மறுபடியும் ஊதினேன். வாய் வைக்க விருப்பமில்லாவிட்டால் பெரியவர்களுக்கு அமத்தினாலே போதும் என்றும் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நான் விருப்பம் வெறுப்புப் பார்க்கவில்லை. என் கோப்பையில் படாத வாய் அது என்பது அந்த நேரம் எனக்கு ஞாபகமே வரவில்லை. பிறகுதான் வந்தது, வந்தபோது நன்றாக வந்தது.

கை களைத்தது. "மாமி, நான் என்ன செய்ய?" என்றான் மருமகன். "என் கையப் பாருங்க. நான் எடுத்ததும் அதே இடத்தில வைங்க. உலக்கை மாத்துற மாதிரி, விடாம" என்றேன். நானும் அவனும் மாறி மாறி அமத்தினோம். அம்புலன்ஸ்காரர்கள் வந்து நெஞ்சில் கரண்ட் கொடுத்தார்கள். நாடித்துடிப்பு வந்தது. கிளிநொச்சிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டொக்டர் மருமகனிடம், வீதியிலேயே தொடங்கியிருக்காவிட்டால் இங்கே கொண்டுவந்தும் பிரயோசனம் இருந்திருக்காது என்று சொன்னாராம். இதை மருமகன் என்னிடம் சொன்னான். தகப்பனிடமும் சொன்னான். தகப்பன் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தாராம்.

வீடு வந்தார். கோயிலில் பொங்கல் வைத்தார்கள். அம்மன் காப்பாற்றினாள் என்றார்கள், சரி, அம்மனோடு எனக்கு வழக்கில்லை. பிறகு ஒரு பொன்னாடை எடுத்தார்கள். யாருக்கு என்று பார்த்தால், சந்தியில் நின்று அம்புலன்ஸுக்கு வழி காட்டின ஓட்டோக்காரனுக்கு. அவனுக்கே வெட்கமாகப் போய்விட்டது. "எனக்கு ஏன், அங்க நிக்கிறா அவவுக்கெல்லே போடோணும்" என்றான். சம்பந்தி காது கேளாதவர் மாதிரி நின்றார். என்னிடம் வந்து ஒருவர், "மத்தியானம் நிண்டு சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றார். நான் சாப்பாட்டுக்கு வந்தவள் மாதிரி.

இளந்தாரிகளுக்கு வேறு கதை. கடையடியில் நான் போனால், "டேய், நெஞ்சு நோகுதடா, அம்மம்மா வாறா, விழு விழு" என்று ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிவான். மற்றவன், "உனக்கு வாய் வைக்க மாட்டா. சம்பந்திக்கு மட்டும்தான்" என்பான். எழுபத்து நான்கு வயதில் நான் இதைக் கேட்டுக்கொண்டு சீனி வாங்க வேண்டியிருக்கிறது.

சம்பந்தியின் மனுசி ஒரு நாள் வேலியடிக்கு வந்தா. "மச்சாள், அவர் அப்பிடித்தான். மனசுக்குள்ள இருக்கும், வாயில வராது. நான் அண்டைக்குக் கத்தினதை நினைச்சுக்கொண்டிருக்காதேங்கோ" என்று மெல்லச் சொன்னா. நல்ல மனுசி. ஆனால் வேலியோடு நின்று மெல்லச் சொல்வதற்கா நான் தாரில் முழங்கால் வேக நின்றேன்? எலும்பு உடைந்த கதை உரத்துப் போகிறது. உயிர் வந்த கதை மட்டும் ஏன் மெல்லப் போகவேண்டும்?

போன கிழமை புளியங்குளத்திலிருந்து அவருடைய ஒன்றுவிட்ட தம்பி அவரைப் பார்க்க வந்திருந்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மகள் தேத்தண்ணீர் கொண்டுபோனாள்.

"ஆர் ஊத்தினது?"

"அம்மா, மாமா."

"இப்பதான் குடிச்சனான், வை."

பிறகு தம்பியிடம், "இஞ்ச பார், இதிலதான் ரெண்டு எலும்பும். இருமினா உயிர் போகுது. பிள்ளையின்ர தாய் செய்த வேலை" என்றார்.

கீரையைச் சுளகோடு வைத்துவிட்டு எழும்பினேன். பொட்டு வழியாகப் போய் அவர் முன்னால் நின்றேன். அந்த வளவுக்குள் நானாகப் போனது அதுதான் முதல் தடவை.

"சம்பந்தி, தேத்தண்ணி ஆர் ஊத்தினதுன்னு ஒவ்வொரு நாளும் கேக்கிறீங்க. அன்னைக்கு ரோட்டில மூச்சு ஆர் ஊதினதுன்னு கேட்டீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நேராக என்னைப் பார்த்தார் என்பதை நான் மறைக்கவில்லை.

"எனக்கு நினைவிருந்தால்தானே கேக்கிறதுக்கு" என்றார்.

"நினைவிருந்திருந்தா?"

அவர் கோப்பையை விரலால் ஒரு பக்கம் தள்ளி வைத்தார்.

"கேட்டிருப்பன்" என்றார்.

மகள் தட்டை இறுக்கிப் பிடித்தாள். தம்பியார்தான் வாய் திறந்தார். "அண்ணை, அண்டைக்குக் கேட்டிருந்தியளெண்டால் இண்டைக்கு இதில இருந்து வேண்டாமெண்டு சொல்ல ஆளில்லை." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அந்தக் கோப்பையை எடுத்து அவரே குடித்தார். "நல்ல சாயம். கொஞ்சம் சீனி கூட" என்றார். சம்பந்தி சிரிக்கவில்லை.

"இன்னொருக்கா விழுந்தீங்கன்னா நான்தான் ஓடி வருவேன்" என்றேன். "மத்தப் பக்கத்து எலும்பும் போகும். இப்பவே சொல்லிட்டேன்."

திரும்பி வந்து கீரையை ஆய்ந்தேன். அவர் பொய் சொல்லவில்லையே, அதையாவது மெச்சுங்கோ அம்மா என்கிறாள் மகள். நான் மெச்ச மாட்டேன். சாகிற நேரத்திலும் கேட்டிருப்பாராம். அதை என் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வருகிறது, மற்றதைச் சொல்ல வரவில்லை.

என் பேரப்பிள்ளை, இவ்வளவுதான். எழுத்துப் பிழையைத் திருத்து, நான் எழுதின சொல்லை மாற்றாதே. இனி எனக்கு வாசித்துக் காட்டு. இங்கே வேண்டாம். எழுதின இந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு பொட்டால் போ. உன் அப்பப்பா மாமரத்தடியில் கதிரையில் இருக்கிறார், வாசலில் இன்றைக்கு ஆட்களும் இருக்கிறார்கள். அவருக்குப் பக்கத்தில் இருந்து உரத்து வாசி, நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்கிறேன். எந்த இடத்தில் அவர் காணும், போதும், நிறுத்து என்று சொல்கிறாரோ, அந்த இடத்தை இன்னொரு தடவை வாசி.