கீபோர்டுக்கு நான் கொடுத்த வாக்கு

எதை வாங்கினால் பரணுக்குப் போகாது என்பதுதான் அன்று எங்கள் வீட்டில் கேள்வி. நான் அடம்பிடித்து வாங்கிப் பதினைந்தே நாளில் கைகழுவிய ஸ்கேட்டிங் ஷூவும் ஓவியப் பலகையும் ஏற்கெனவே அங்கே ஏறியிருந்தன. எனக்குப் பத்து வயது. அப்பாவுக்குக் கச்சிபௌலியில் மென்பொருள் வேலை. ஹைதராபாத்துக்கு வந்து ஆறு வருடமாகியும் அம்மாவின் பாளையங்கோட்டைப் பேச்சும் குறுக்குக் கேள்வியும் மாறவில்லை. எனக்குத்தான் 'இல்லையா' என்பதற்குத் தெலுங்கு 'கதா' வாயில் ஒட்டிக்கொண்டது.

கீபோர்டா, டெலஸ்கோப்பா? அப்பா ஆபீஸ் பழக்கத்தில் எக்ஸெல் ஷீட்டே போட்டு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயன்படும் என்று கேட்டார். எங்கள் அடுக்ககத்தில் மொட்டைமாடியைப் பூட்டியே வைத்திருப்பார்கள். டெலஸ்கோப் அங்கேயே தோற்றது. கீபோர்டு என்றால் தினமும் அரை மணி நேரம் வாசிப்பேன் என்று சத்தியம் செய்தேன்.

"வாசிச்ச நாளை நான் காலண்டர்ல சுழிப்பேன். மாசத்துல அஞ்சு நாள் விட்டுப்போச்சுன்னா கீழ்வீட்டு ஆன்ட்டி மவளுக்குக் குடுத்திருவேன், பாத்துக்கோ," என்றாள் அம்மா. சொன்னால் செய்கிறவள். இருந்தாலும் தலையாட்டிவிட்டேன்.

முதல் மாதம் ஒழுங்காகத்தான் போனது. அடுத்த மாதம் பிடித்தது சனி. இரவு ஒன்பதுக்குக் கம்பெனி கேபில் வந்து இறங்குகிற அப்பா, நான் நாலு மணிக்குப் பள்ளிவிட்டு வரும்போதே வீட்டில் இருந்தார். அதுவும் என் கீபோர்டின் முன்னால், ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அதே நாலு சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டியபடி. கேட்டால் லீவு என்பார். ஐந்து மணிக்கு எனக்கு டியூஷன். அது முடிந்து வந்தால் ஹோம்வொர்க், சாப்பாடு, தூக்கம். இன்னும் ரெண்டு நிமிஷம் என்பார். அந்த ரெண்டு நிமிஷம் முடியவே முடியாது. நாலு தேதி சுழிக்கப்படாமல் போயிற்று. அப்பா வாசிப்பதையாவது சேர்த்துக்கொள் என்று அம்மாவிடம் கெஞ்சினேன். அந்த மாதம் அவள் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தாள். "வாங்குனது ஒனக்குல்லா?" என்று முடித்துவிட்டாள்.

ஐந்தாவது நாள். மணி நாலே முக்கால் ஆகியும் அப்பா எழுந்திருக்கவில்லை. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

"இது என்னோடது! நீங்க ஆபீஸுக்குப் போங்கப்பா! எல்லா அப்பாவும் போறாங்க கதா!"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அடி விழப்போகிறது என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். விழவில்லை. அப்பா ப்ளக்கைத் திரும்பச் செருகி, நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். "வாசிம்மா" என்று சொல்லிவிட்டுப் பால்கனிக்குப் போனார். டியூஷன் போனால் போகட்டும் என்று அரை மணி நேரமும் விடாமல் வாசித்தேன். அம்மா வந்து தேதியைச் சுழித்தாள். அவள் கண் சிவந்திருந்தது. என்மேல் கோபம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அப்பா இஸ்திரி போட்ட சட்டையும் ஷூவுமாகக் கிளம்பினார். இரவு ஒன்பதுக்குத்தான் வந்தார். இரண்டு மாதம் அப்படியே போனது. அப்பாடா, லீவு முடிந்தது என்று எனக்கு ஒரே கொண்டாட்டம்.

ஆட்குறைப்பில் அப்பாவுக்கு வேலை போயிருந்ததை, நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். வேறு வேலை கிடைக்கும்வரை, அந்த இரண்டு மாதமும் அவருக்குப் போவதற்கு ஆபீஸே இருக்கவில்லை. காலையிலிருந்து இரவு வரை எங்கே போய் உட்கார்ந்திருந்தார் என்று அவரிடம் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.