ரீஸ்டார்ட் செய்யப்பட்டது, சரியாக உள்ளது

1. படியேறி வந்த சி.பி.யு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நந்தனத்தில் எங்கள் அலுவலகத்தில் லிஃப்ட் ஓடவில்லை. டெண்டர் வேலைகளைப் பார்க்கும் ஸ்டெல்லா மேடம், ஐம்பத்தாறு வயதில், தன் சி.பி.யு.வை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இரண்டாம் மாடியிலிருந்து நான்காம் மாடிக்குப் படியேறி என் அறைக்கு வந்தார். பின்னாலேயே செக்யூரிட்டி ஏழுமலை ஒயர்களோடு வந்தார்.

"இன்னா சார், மேடம் இம்மாம் பெரிய பொட்டிய தூக்கினு வராங்க, நீ ஏசில குந்திகினு கீற. ஒரு போன் அடிச்சா எறங்கி வரமாட்டியா?"

"யாரும் அடிக்கலையே" என்றேன்.

"அடிக்கக் கூடாதுன்னு மெயில் போட்டதே நீங்கதானே சார்" என்றார் ஸ்டெல்லா மேடம். மூச்சு வாங்கியது. "எதுவா இருந்தாலும் சாட்பாட்கிட்ட கேளுங்கன்னு. கேட்டேன். ரீஸ்டார்ட் பண்ணுன்னுச்சு. பண்ணேன். மறுபடியும் பண்ணுன்னுச்சு. மூணு வாட்டி பண்ணேன். இப்ப ஒண்ணுமே வரல."

பெட்டியை மாட்டி ஆன் செய்தேன். ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று அடித்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை கொடுக்கவேண்டிய ஒரு மருத்துவமனைக் கட்டடத்தின் டெண்டர் அதற்குள் இருந்தது. மூன்று வார வேலை. முடியும்வரை அவர் எதையும் சர்வரில் போடமாட்டார். போட்டால் ஆளுக்கொரு கை வைத்துக் கெடுத்துவிடுவார்கள் என்பது அவர் அனுபவம். அது பொய்யும் இல்லை. டிஸ்கிலிருந்து தகவலை மீட்டுத் தரும் கடையில் கேட்டேன். இரண்டு வாரம் ஆகும், உறுதியும் சொல்ல முடியாது என்றார்கள்.

2. புதுச் சாமான்கள்

இந்தக் கட்டுமான நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் அட்மின் நான். புதுச் சாமான் என்றால் எனக்குப் பைத்தியம். பெட்டியை நான்தான் பிரிக்கவேண்டும், அந்த பிளாஸ்டிக் தாளை நான்தான் உரிக்கவேண்டும். மீட்டிங் ரூம் வாசலில், உள்ளே ஆள் இருக்கிறாரா என்று காட்ட ஒரு டேப்லெட் மாட்டினேன். கதவைத் தள்ளினால் தெரியாதா? தெரியும். இருந்தும் மாட்டினேன். ஒவ்வொரு மேஜைக்கடியிலும் சென்சார் வைத்தோம். பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள் என்று அது சொன்னது. அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இதற்கெல்லாம் நேரம் இருந்த எனக்கு, ஸ்டெல்லா மேடத்தின் ஒன்பது வருடப் பழைய டிஸ்கை மாற்ற நேரம் இல்லை.

இதிலெல்லாம் பெரியது சாட்பாட். வந்த புகாரையும் சரிசெய்த விதத்தையும் நான் எழுதிவைத்த பழைய டிக்கெட்டுகள் அத்தனையையும் படித்துவிட்டு, யார் என்ன பிரச்சினை சொன்னாலும் பதில் தரும். வாங்கச் சொல்லி மேனேஜர் முரளியிடம் மூன்று மாதம் நச்சரித்தது நான். அது வந்த மறுவாரமே என் மேஜை போன் அடிப்பது நின்றது. சாதித்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த வாரம், லைன் போய்விட்டதோ என்று ரிசீவரை எடுத்துப் பார்த்தேன். டயல் டோன் வந்தது.

அசோக் நகரில் தனியாகத்தான் இருக்கிறேன். அங்கே நான் பேசுவது ஸ்பீக்கரோடு. ஃபேனைப் போடு என்றால் போடும். ஆபீசிலும் அதே நிலைமை ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்கவேண்டும்.

3. மெமோ

மத்தியானம் முரளி கூப்பிட்டார்.

"பேக்கப் எடுக்காதது அவங்க தப்பு. மெமோ குடுக்கப் போறேன். டெண்டர் போச்சுன்னா அதோட நிக்காது, வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நீங்க ஒரு டெக்னிகல் ரிப்போர்ட் மட்டும் குடுங்க. டிஸ்க் ஃபெயிலியர், யூசர் எர்ரர், அவ்ளோதான்."

ரிப்போர்ட் எழுத உட்கார்ந்து, மேடத்துக்கும் சாட்பாட்டுக்கும் நடந்த உரையாடலைத் திறந்தேன். 'டக் டக் என்று சத்தம் வருகிறது, அடிக்கடி நின்றுவிடுகிறது' என்று அவர் தெளிவாக எழுதியிருந்தார். அந்தச் சத்தம் வந்தால் உடனே அணைத்துவிட்டு, டிஸ்கைக் கழற்றிப் பிரதி எடுக்கவேண்டும். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டும் சாகிற டிஸ்கை இன்னும் ஒரு மிதி மிதிப்பதுதான். ஆனால் இது ரீஸ்டார்ட் என்று சொல்லியிருக்கிறது. எதை வைத்துச் சொன்னது? பதிலுக்குக் கீழே ஆதாரம் என்று இருந்ததை அழுத்தினேன்.

மூன்று பழைய டிக்கெட்டுகள். மூன்றிலும் அதே டக் டக். மூன்றையும் முடித்தவன் நான். ஒவ்வொன்றுக்கும் அரை நாள் உட்கார்ந்து புது டிஸ்குக்கு எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தது நன்றாக நினைவிருக்கிறது. டிக்கெட்டில் எழுதியிருந்தது மட்டும் ஒரே வரி: 'ரீஸ்டார்ட் செய்யப்பட்டது, சரியாக உள்ளது.'

இந்தத் தொழிலில் எல்லோரும் இப்படித்தான் எழுதுவோம். டிக்கெட் சீக்கிரம் மூடும், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். சாட்பாட் பொய் சொல்லவில்லை. நான் சொன்ன பொய்யை அப்படியே திருப்பிச் சொன்னது.

அந்த ஆதாரத்தை வேறு யாரும் அழுத்திப் பார்க்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.  இருந்தும் மூன்று டிக்கெட்டுகளையும் அச்செடுத்துக்கொண்டுபோய் முரளி மேஜையில் போட்டேன்.

"யூசர் எர்ரர் இல்ல. என் எர்ரர்."

அவர் படித்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். "யோவ், பாட் சூப்பரா போகுதுன்னு மேல சொல்லி வெச்சிருக்கேன்யா. இத ஏன் எங்கிட்ட கொண்டாந்தே?"

"அவங்களுக்கு மெமோ போனா, இத நானே மேல அனுப்புவேன்."

மெமோ எனக்கு வந்தது. வாங்கிக்கொண்டேன்.

4. மூன்று நாள்

ஸ்டெல்லா மேடம் எதையும் அச்செடுத்துச் சிவப்பு மையில் திருத்துகிறவர். அந்தத் தாள்கள் மேஜை டிராயரில் இருந்தன. அன்று மாலையிலிருந்து வெள்ளி மதியம்வரை நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன், அவர் அடித்தார். ஓர் ஆளுக்குப் பக்கத்தில் முழு நாள் உட்கார்ந்து எவ்வளவு காலம் ஆகிறது என்று எண்ணிப் பார்த்தேன். தெரியவில்லை. டிக்கெட் விஷயத்தை முதலிலேயே அவரிடம் சொல்லிவிட்டேன்; அவர் என்னோடு அதிகம் பேசவில்லை. பேசவேண்டிய அவசியமும் இல்லை.

வெள்ளிக்கிழமை, கெடு முடியச் சற்று முன்னால் டெண்டரை அனுப்பிவிட்டோம். அதற்குப் பிறகுதான் கேட்டார்.

"ஏன் சார் அப்படி எழுதினீங்க? சோம்பேறித்தனமா?"

ஆமாம் என்று முடித்திருக்கலாம். "பாதி அதுதான். செஞ்சதெல்லாம் எழுதி வெச்சா, அடுத்த தடவ அதப் படிச்சு எவன் வேணா பண்ணிடுவான். என்னை எதுக்குக் கூப்பிடப் போறீங்க?"

அவர் என்னையே பார்த்தார். "இருபத்திரண்டு வருஷம் ஒரே ஆபீஸ். சிஸ்டம் கெட்டாத்தான் உங்களக் கூப்பிடுவோம்னு நெனச்சீங்களா? கெடலைன்னா நீங்களாவது வந்திருக்கலாமே சார்."



புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு: செய்ததை முழுதாக எழுதுங்கள். எந்த ஸ்க்ரூவைக் கழற்றினீர்கள் என்பதுவரை எழுதுங்கள். தெரிந்ததைப் பூட்டிவைத்தால் ஆள் தேடி வரும் என்று நம்பாதீர்கள். ஆள் வராது, யாரோ ஒருவருடைய மூன்று வார வேலைதான் போகும். நான் நான்கு மாதம் உட்கார்ந்து பழைய டிக்கெட்டுகளை நினைவிலிருந்து திருத்தி எழுதினேன். இப்போது சாட்பாட் ஒழுங்காகப் பதில் சொல்கிறது. என் போன் அடிப்பதே இல்லை.

போன வாரம் நாலு மணிக்கு இரண்டாம் மாடிக்கு இறங்கிப் போனேன். ஸ்டெல்லா மேடம் நிமிர்ந்து பார்த்ததும் முகம் மாறியது. "என்ன சார், மறுபடியும் என் சிஸ்டத்துல ஏதாவதா?"

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

 பக்கத்து மேஜையில் அன்று யாரும் இல்லை. அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.