மருமகளின் பால்வாடிப் பரீட்சை

மருமகள் தெருவில் கிடந்த பாட்டில் மூடிகளைப் பொறுக்க ஆரம்பித்தபோது, குடித்த ஆளையும் கூட்டி வரப்போகிறாளா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. சர்க்கார் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த நேரம் அது.

எங்கள் தாராவி சந்துப் பால்வாடியில் அவள் ஒன்பது வருஷம் உதவியாள். கூட்டுவாள், கிச்சடி கிண்டுவாள், மூக்குத் துடைப்பாள். இருந்த டீச்சர் ஓய்வு பெற்றதும், பன்னிரண்டாவது படித்த உதவியாளே அந்த வேலைக்கு வரலாம் என்றார்கள். ஆனால் பயிற்சி முடிக்க வேண்டும். பிறகு சூப்பர்வைசர் அம்மா வந்து அவள் பாடம் நடத்துவதைப் பார்த்து, சரி என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் வேறு யாராவது டீச்சராக வருவார்கள், இவளுக்கு மறுபடியும் கரண்டிதான்.

பயிற்சி மும்பையின் இன்னொரு பக்கம், தேவ்நாரில். அவள் போன நாட்களுக்குப் பால்வாடியைப் பூட்டிப் போடாமல் வேறொரு பெண்ணை அனுப்பினார்கள். சர்க்காரை நான் சாதாரணமாகப் புகழ மாட்டேன், தண்ணீர் வரும் நேரம் அப்படி. இதற்கு மட்டும் ஒரு கும்பிடு போட்டேன்.

சாயங்காலம் வந்ததும் வீட்டில் ஒத்திகை. பிள்ளை நான்தான்.

"இதுல பெரிய மூடி எது, சொல்லுங்க பாப்போம்."

நான் மூடியைக் கட்டிலுக்கு அடியில் எறிந்துவிட்டு, மிட்டாய் வேண்டும் என்று அழுதேன்.

"அத்தே, மூணு வயசுப் பிள்ள இவ்வளவு வில்லங்கம் பண்ணாது."

"உம் புருஷன் பண்ணுனாம்ட்டி."

அவளால் அடிக்கவா முடியும்? தரையில் உட்கார்ந்து, என் கண்ணுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, "கோவமா இருக்கியளா?" என்று மெதுவாகக் கேட்டாள். அப்படித்தான் கேட்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒருவரும் கேட்காத கேள்வி. நானே குனிந்து மூடியை எடுத்துக் கொடுத்தேன்.

பயிற்சி முடிந்து பால்வாடியிலும் அவள் மூடிகளைக் கொட்டியபோது, பிள்ளைகளைப் பெற்ற பெண்டுகளுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. பிள்ளை சிலேட்டோடு வரவில்லை, ஏபிசிடி சொல்லவில்லை என்று குழாயடியில் புகைந்தார்கள்.

"மூடிய வச்சு வெளாடதுக்கு வீட்ல எடமில்லையாக்கும்?" என்றாள் ஒருத்தி.

இல்லைதான். பத்துக்குப் பத்து அறையில் எங்கே இருக்கிறது? ஆனாலும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சூப்பர்வைசரும் இதையே கேட்டால்? அதனால் காலையில் பால்வாடி திறக்கும் முன்னே, எங்கள் வாசலில் கூடும் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் ஒன்றிலிருந்து இருபதுவரை கத்தக் கற்றுக் கொடுத்தேன். நாலு நாள், ரகசியமாக. கத்தினால் ஆளுக்கொரு மிட்டாய்.

சூப்பர்வைசர் வந்த அன்று நானும் பால்வாடி வாசலில் மற்ற பெண்களோடு போய் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்ததுதான் தாமதம், பிள்ளைகள் எழுந்து நின்று, தகரக் கூரை அதிர இருபதுவரை கத்தினார்கள். கத்திவிட்டு என்னிடம் ஓடி வந்து கையை நீட்டினார்கள்.

"பயிற்சியில் இதுதான் சொல்லிக் கொடுத்தார்களா?" என்று சூப்பர்வைசர் மருமகளிடம் இந்தியில் கேட்டார்.

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அவள் பிள்ளைகளை அதட்டவில்லை. எல்லோரையும் பாயில் உட்கார வைத்து, மூடிகளைக் கொட்டினாள். அதிகமாகக் கத்திய சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு, "எனக்கு அஞ்சு மூடி தா கண்ணு" என்றாள். அது இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்தது. இருபதுவரை கத்திய பிள்ளைக்கு ஐந்து எவ்வளவு என்று தெரியவில்லை என்பதை வாசலில் இருந்த பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

பிறகு அதன் கையில் ஐந்து மூடியை எண்ணி வைத்து, பாயில் முன்வரிசையில் இருந்த ஆறு பேருக்கும் ஆளுக்கொன்று கொடுக்கச் சொன்னாள். கொடுத்துக்கொண்டே போன பிள்ளை, கடைசி ஆளிடம் வந்ததும் வெறுங்கையைப் பார்த்தது. மருமகள் பேசவில்லை. அது திரும்பி ஒவ்வொருவர் கையையும் தொட்டுப் பார்த்தது. அப்போதும் அவள் பேசவில்லை. அதற்குள் நானாக இருந்தால் பத்துத் தடவை பதிலைச் சொல்லியிருப்பேன். வாயைக் கட்டிக்கொண்டு இருப்பதற்கும் படிப்பு வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இவளுக்கு இல்ல. இன்னும் ஒண்ணு வேணும்!" என்று அந்தப் பிள்ளை குதித்தது.

சூப்பர்வைசர் பேனாவைத் திறந்தார். எழுதி முடிக்கிறவரை என்னால் உட்கார முடியவில்லை. போகும்போது, கத்தக் கற்றுக் கொடுத்தது யார் என்று கேட்டார். வீட்டில் ஒரு பெரிய பிள்ளை இருக்கிறது, அதற்குப் பொறுமை குறைவு என்றாள் மருமகள். அந்த அம்மா சிரித்துவிட்டார்.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. அவள் டீச்சர். சந்தில் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்து, இனிமேல் உதவியாள் வேலை காலிதானே, நான் சேரட்டுமா என்று கேட்டேன்.

"மொதல்ல பயிற்சிக்குப் போய்ட்டு வாங்க அத்தே" என்றாள்.