பலகையில் யாரை உட்கார வைப்பது

சோலைமலைக்கு மனம் குளிர்ந்துபோனது. ஏழு வருஷமாக அண்ணன் பெயரை வாயில் எடுக்காத காளியாயி, பிள்ளையின் காதுகுத்துக்கு அண்ணனையும் கூப்பிட வேண்டும் என்று தானாகவே சொன்னாள்.

“அப்ப மச்சானுக்கு ஒரு காயிதம் போட்டுருவோமா?” என்றான்.

“காயிதமெல்லாம் வேணாங்க. திடுதிப்புனு போயி நிப்போம். பாத்து மலைச்சுப் போகட்டும்.”

சோலைமலை வாய்விட்டுச் சிரித்தான். அவன் சூதுவாது தெரியாதவன். பெண்டாட்டி அண்ணனோடு ராசியாகப் போகிறாள் என்று மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நான்கு பேரிடம் சொல்லியும் விட்டான். காளியாயி தேயிலைக் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். அவள் மனதில் இருந்தது வேறு.

நடந்தது இதுதான். தகப்பன் இறந்தபின் இலங்கையில் வட்டவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஆத்தா மீனம்மா, அண்ணன் அழகுமுத்து, காளியாயி மூவரும் லயத்து வரிசை வீட்டில் ஒரே அறையான காம்பராவில் இருந்தார்கள். இந்தியாவில் சொந்த ஊரான துறையூர்ப் பக்கத்தில் அழகுமுத்துவுக்குப் பெண் பேசினார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் பேச்சு. நாகலெட்சுமியை இவன் கட்டுவது, நாகலெட்சுமியின் அண்ணனுக்குக் காளியாயியைக் கொடுப்பது. தங்கையை ஒரு வார்த்தை கேட்காமல் அவன் தலையாட்டி எழுதிப் போட்டுவிட்டான். காளியாயி பக்கத்துத் தோட்டத்துச் சோலைமலையைத்தான் கட்டுவேன் என்று நின்றாள், கட்டியும் கொண்டாள்.

தாலி ஏறி ஒரு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, ஆத்தாவுக்குப் பிடிக்குமே என்று மரவள்ளிக் கிழங்கு அவித்து எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் நடந்து வந்தாள். காம்பராவில் வேறு குடும்பம் இருந்தது. அழகுமுத்து தோட்டத்திலிருந்து பெயர் வெட்டி, வேலையை விட்டதற்கான பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு, ஆத்தாவையும் கூட்டிக்கொண்டு வியாழக்கிழமையே இந்தியாவுக்குக் கப்பலேறப் போய்விட்டானாம். கிழங்கை அந்த வீட்டுக்காரியிடமே கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கார்டு வந்தது. ‘ஆத்தா தவறி எட்டு மாதம் ஆகிறது. கருமாதி எல்லாம் முறைப்படி முடிந்தது. நீ புறப்பட்டு வரவேண்டியதில்லை.’ அவ்வளவுதான். எந்த மாதம், எந்த நாள் என்று இல்லை. வருஷத்துக்கு ஒருதரம் விளக்கேற்றிப் படையல் போடக்கூட நாள் தெரியாமல் போனது. மற்றவர்கள் தங்கள் தாய்க்குப் படைக்கும் நாட்களில் காளியாயி யாரோடும் பேசாமல் கொழுந்தை வெறிபிடித்தவள்போல் பறிப்பாள். அன்றைக்கு எடை கூடுதலாக நிற்கும். வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையா மெச்சிக்கொள்வார்.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து ஒரு பெண் பிள்ளை பிறந்தது. மீனம்மா என்றே பெயர் வைத்தாள். பிள்ளை வேண்டும் என்று சோலைமலையின் குலதெய்வமான கருப்பசாமிக்கு வேண்டியிருந்தார்கள். அந்தக் கோயிலில் முதல் முடி இறக்கிக் காது குத்த வேண்டும். முடி இறக்கும்போதும் காது குத்தும்போதும் பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும் என்பது முறை. மாமன் செத்துப் போயிருந்தால் அண்ணன் முறையில் வேறு ஒருவர் பலகையில் உட்காரலாம். மாமன் உயிரோடு வந்து நிற்கையில் வேறு ஆளை உட்கார வைத்தால், ஊர் கூட்டி அவனைப் பாடையில் வைத்ததற்குச் சமம். அதற்குப் பிறகு அவன் சபையில் தலை நிமிர முடியாது.

காளியாயிக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அந்தப் பலகைக்கு அவள் பார்த்து வைத்திருந்த ஆள் வீரய்யா. அதே லயத்துக்காரர். இலங்கையில் தங்குவதற்கான அவருடைய பிரஜாவுரிமை மனு தள்ளுபடியாகிவிட்டது. இந்தியாவில் தன் ஊரான முசிறிக்கே ஒரேயடியாகத் திரும்பிப் போகிறார். சோலைமலையின் மனு மூன்று விசாரணைக்குப் பிறகு எப்படியோ தேறியிருந்தது. அதனால் இவர்கள் போய்த் திரும்பி வரலாம். ஒன்றாகப் போகலாம் என்று முடிவானதும் காளியாயி அவரிடம் தனியாகச் சொன்னாள்:

“அண்ணே, எங்க அண்ணன் வரமாட்டாரு. நீங்கதான் புள்ளைய மடியில வச்சுக்கணும்.”

“உம் புருசன் வேற மாதிரி சொல்லிக்கிட்டுத் திரியிறானே தாயி?”

“அவருக்கு ஆசை. வந்தாத்தான உண்டு.”

1958, மாசி மாதம். தோட்டத்துத் துரை ஒரு மாத லீவு கொடுத்தார். வட்டவளையில் ரயிலேறி, பொல்காவலையில் மாறி, தலைமன்னாரில் கப்பலேறினார்கள். கப்பல் அசைந்ததும் பிள்ளை சோலைமலையின் புதுச்சட்டையில் வாந்தி எடுத்தது. வீரய்யா ஒரு தகரப் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டு, “ஒங்க பொண்ணு இந்தியாவுக்குப் போக ஒத்துக்கல மாப்ள, மனுவ அது தனியாப் போட்டுருக்கு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். காளியாயியும் சிரித்தாள். ஆத்தா இதே கப்பலில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள், திரும்பிப் பார்த்திருப்பாளா என்று எண்ணியபோது சிரிப்பு நின்றது. தனுஷ்கோடியில் அம்மைப்பால் குத்திக்கொண்ட சீட்டைக் காட்டி, பெட்டிகளைத் திறந்து மூடி, மறுபடி ரயில்.

சோலைமலையின் சித்தப்பன் கந்தப்பன் வீட்டில் இறங்கினார்கள். அழகுமுத்துவின் ஊர் அங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணம். விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பு கந்தப்பன் அழைக்கக் கிளம்பினார். காளியாயி அவரிடம், “பேரு சொல்லாதீங்க மாமா. கண்டியிலருந்து ஒறவுக்காரவுங்க வந்திருக்காங்க, குடும்பத்தோட வரச் சொன்னாங்கன்னு மட்டும் சொல்லுங்க” என்றாள். அந்தப் பக்கத்தில் இலங்கைத் தோட்டம் எல்லாமே கண்டிதான்.

“அதும் சரிதான். அப்பத்தான் சொவாரசியம்” என்று அவரும் போனார். பெரிய மனிதர்கள் சின்னப் பிள்ளைகள்போல் ஒளித்து விளையாடினார்கள்.

விசேஷத்தன்று காலை வெயில் ஏறும் நேரத்தில் கோயில் புளியமரத்தடியில் மாட்டுவண்டி வந்து நின்றது. அழகுமுத்து இறங்கினான். கொஞ்சம் தொந்தி போட்டிருந்தான். பின்னால் நாகலெட்சுமி, தேங்காய் பழத் தட்டோடு. சோலைமலைக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்தான்.

“வாங்க மச்சான்! நாந்தான் சோலைமலை. ஒங்களுக்காகத்தான் பலகை போட்டுருக்கு. ஒங்க தங்கச்சி புள்ளைக்கு நீங்கதான மாமன்!”

அழகுமுத்துவின் முகம் வெளுத்தது. கூட்டத்துக்குப் பின்னால் பிள்ளையோடு நின்ற காளியாயியைப் பார்த்தான். அந்தப் பார்வைக்காகவே அவள் கடல் தாண்டி வந்திருந்தாள். உடம்பெல்லாம் இனித்தது.

“வீரய்யா அண்ணே, வந்து உக்காருங்க” என்றாள் சத்தமாக.

சோலைமலை திரும்பி, “என்ன புள்ள பேசுற? மாமன் வந்து நிக்கிறாரு!” என்றான்.

வீரய்யா எழுந்திருக்கவில்லை. மெதுவாகத் தலையை ஆட்டினார். “வேணாந் தாயி. வரமாட்டாருன்ன, சரின்னேன். மனுசன் கண்ணு முன்னால நிக்கிறப்ப நான் அந்தப் பலகையில உக்காந்தா எந் தங்கச்சி புள்ளைகளுக்கு ஆகாது. கோவம் இருந்தா திட்டு. இத செய்யாத.”

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தது அண்ணனுக்குப் பெருமை சேர்க்கத்தானா? அவன் வந்து பலகையில் உட்கார்ந்து மடியை விரித்துக்கொண்டால் என்ன செய்வது?

அப்போதுதான் நாகலெட்சுமி வாய் திறந்தாள். அவள் காளியாயியை மேலும் கீழும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“எந்தத் தங்கச்சி?” என்று புருஷனைக் கேட்டாள். “ஒங்களுக்கு இருந்தது ஒரே தங்கச்சிதான? அது கண்டியிலயே வாந்திபேதியில செத்துப் போச்சுன்னுதான எங்க வீட்டுல சொன்னீங்க? அதனாலதான எங்கண்ணனுக்குப் பொண்ணு இல்லைன்னு எங்கப்பா மனசத் தேத்திக்கிட்டு என்னையக் குடுத்தாரு?”

அழகுமுத்து தரையைப் பார்த்தான்.

காளியாயிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. “ஆத்தாகிட்ட என்னன்னு சொன்ன?”

அவன் வண்டிப் பக்கம் திரும்பினான்.

“ஆத்தாகிட்ட என்னடா சொன்ன?”

நாகலெட்சுமிதான் பதில் சொன்னாள். “அத்தை இங்க வந்து ஆறு மாசம் மகளப் பாக்கணும், கூட்டிட்டுப் போன்னு ஒரே அழுகை. அதெல்லாம் எங்க கல்யாணத்துக்கு முன்னாடி, தங்கச்சி பின்னால வரும்னுதான் எங்கப்பாகிட்டயும் இவரு சொல்லி வச்சிருந்தாரு. அப்புறம் ஒருநாள் இவரு, கண்டியிலருந்து சேதி வந்துருச்சு, அவ போயிட்டான்னாரு. அது மாரடிச்சு அழுது, பதினாறாம் நாளு காரியமும் செஞ்சுச்சும்மா ஒனக்கு. அதுக்கப்புறம் அது பிழைக்கல. ஐப்பசி அமாவாசைக்கு மூணாம் நாளு போயிருச்சு.”

ஐப்பசி அமாவாசைக்கு மூன்றாம் நாள். ஐந்து வருஷமாகத் தெரியாதிருந்த நாள்.

காளியாயி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

“எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கள்ல? காளியாயி செத்துட்டா. பெத்தவ கையாலயே காரியமும் ஆயிருச்சு. செத்தவளுக்குப் பெறந்த புள்ளைக்கு இவரு எப்படி மாமன் ஆவாரு?”

வீரய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். நேராகப் போய்ப் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“கொண்டா தாயி புள்ளைய” என்றார்.

முடி இறங்கியது. தண்ணீர் பட்டதும் பிள்ளை வீறிட்டது. காது குத்த ஆசாரி வந்தார். ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். அத்தனை நேரமும் அழகுமுத்து வெயிலில் நின்றான். போகவும் முடியவில்லை; போனால் ஒப்புக்கொண்டதாகிவிடும். நிற்கவும் முடியவில்லை. யாரோ ஒரு சிறுமி அவனுக்கு நீர்மோர் நீட்டினாள். வாங்கவில்லை. காளியாயி பிள்ளையைப் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்தி போடுமுன்பே நாகலெட்சுமி வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவன் அவள் பக்கத்தில் உட்காரப் போனபோது, “நடந்து வாங்க” என்றாள். கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் சோலைமலை மீந்த வெற்றிலையைக் கட்டி வைத்தான். பிறகு கேட்டான்: “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?”

“வந்திருக்க மாட்டேன்.” கொஞ்சம் யோசித்தான். “சரி, நெனச்சது நடந்துருச்சு. இப்ப மனசு ஆறுச்சா?”

காளியாயி உண்மையாகவே தேடிப் பார்த்தாள். காலையில் இனித்தது எங்கே போனது என்று தெரியவில்லை. அவள் ஏழு வருஷம் சேர்த்து வைத்த தண்டனை, தன்னை விட்டுவிட்டுப் போனதற்கு அளந்தது. ஆத்தாவிடம் அவன் சொன்ன பொய்க்கு அது காணவில்லை. ஆத்தா எந்தத் தெருவில் உட்கார்ந்து அழுதாளோ அந்தத் தெருவில் காளியாயி இன்னும் செத்தவள்தான்.

“நாளைக்கு அவன் ஊருக்குப் போகணுங்க” என்றாள்.

“இன்னும் என்ன புள்ள? ஊரறிய அசிங்கப்படுத்திட்டியே!”

“இது ஒங்க ஊரு. அவன் ஊருக்குத் தெரிய வேணாமா?”

மறுநாள் முதல் பஸ்ஸில் போய் இறங்கினார்கள். சோலைமலை பத்தடி பின்னால் வந்தான். தடுக்கவுமில்லை, கூடச் சேரவுமில்லை. காளியாயி மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவின் முதல் வீட்டில் நின்றாள். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, “யாரும்மா?” என்றாள்.

“மீனம்மா மக காளியாயி. கண்டியில செத்துட்டேன்னு அழகுமுத்து சொன்னாருல்ல, அது நாந்தான். இது எம் புள்ள. இதுக்கும் மீனம்மான்னுதான் பேரு.”

அந்தப் பெண்ணின் கையிலிருந்து விளக்குமாறு நழுவியது. காளியாயி அடுத்த வீட்டுக்குப் போனாள். அதே வார்த்தைகள். அடுத்த வீடு. ஒரு வீட்டில் கிழவர் ஒருவர், “ஒனக்கு எழவு கேட்டு நானும் வந்தேனே ஆத்தா” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஆறாவது வீட்டுக்கு அவள் போவதற்குள் தெரு முழுக்கச் சேதி பரவிவிட்டது. ஆனாலும் அவள் ஒரு வீட்டையும் விடவில்லை. தெரியும் என்று சொன்னவர்களிடமும் தன் வாயால் ஒருதரம் சொன்னாள்.

ஒரே ஒரு வீடு பட்டப்பகலில் சாத்திக் கிடந்தது. உள்ளே நாகலெட்சுமியின் குரல் உயர்ந்து கேட்டது. பதில் குரல் கேட்கவில்லை. காளியாயி அந்த வாசலில் மட்டும் நிற்காமல் கடந்தாள்.

அடுத்த வீட்டில் ஒருத்தி மாவு சலித்துக்கொண்டிருந்தாள். காது கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது. தெருவில் நடந்த எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

“யாரு?” என்றாள்.

காளியாயி பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, சாத்திய வீட்டுக்கும் கேட்கும்படி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.